பூச்சியம் எடுத்த பிள்ளை

புளியங்குளத்திலிருந்து காட்டுப்பக்கமாக உள்ளே போகும் கிரவல் றோட்டின் கடைசியில் இருக்கிற அந்தக் குடியேற்றத்தில் படிவம் நிரப்பத் தெரியாத ஆள் கிடையாது. சண்டை முடிந்து திரும்பிவந்த நாள் தொடக்கம் கிழமைக்கு ஒரு படிவம் வந்த ஊர் அது. கூரை ஒழுகுகிறதா, கிணறு வற்றுகிறதா, ஆடு கட்ட இடம் இருக்கிறதா. ஒழுகுகிறது என்று போட்ட வீடுகளுக்குத் தகரம் வந்தது. 'மழைக்காலத்தில் மாத்திரம் கொஞ்சம் ஒழுகும்' என்று மனச்சாட்சியோடு எழுதிய முத்துலிங்கத்துக்கு ஒன்றும் வரவில்லை. அன்றைக்கே அந்த வீட்டில் பேனை முத்துலிங்கத்தின் கையிலிருந்து அவருடைய மனுசி கமலாசனியின் கைக்கு மாறியது. அதற்குப் பிறகு ஆடு வந்தது, கோழிக்கூடு வந்தது, தண்ணீர்த் தாங்கி வந்தது. தைக்கத் தெரியாத கமலாசனிக்கு ஒரு தையல் மெசினும் வந்தது.

எழுதினால் மட்டும் போதாது, பார்க்கவும் வருவார்கள். ஜீப் சந்தியில் திரும்புகிறது என்று கேள்விப்பட்டால், அது ஒழுங்கைக்குள் வந்து சேர முன்னம், ஒழுங்கையில் உள்ள ரிவி, பிறிஜ், குசன் கதிரை எல்லாம் ஏரம்புவின் வீட்டுக்குப் போய்விடும். ஏரம்புவின் வீடு ஒழுங்கையின் கடைசி வீடு. அதற்கு அங்காலே காடு. சப்பாத்துப் போட்ட எந்த அதிகாரியும் அவ்வளவு தூரம் நடந்ததாக வரலாறு இல்லை.

அந்த வீட்டில்தான் ஏரம்புவின் பேத்தி தாட்சாயினி இருந்தாள். பத்தாம் வகுப்பு. தாய் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. தகப்பன் நெளுக்குளத்தில் வேறொரு வீட்டில். அது வேறு கதை, ஊரில் எவரைக் கேட்டாலும் தேத்தண்ணீர் ஊற்றித் தந்து சொல்லுவார்கள். ஏரம்பு, நெல் குடலை தள்ளிக் கதிர் வரத் தொடங்கினால் யானைக்காவலுக்கு வயலில் பரண் கட்டிக்கொண்டு அங்கேயே படுத்துவிடுவார். ஆக, காலபோகம் என்கிற மாரி வெள்ளாமை முடியும்வரைக்கும் இரவில் அந்த வீட்டில் தாட்சாயினி ஒருத்திதான். இது ஊருக்குத் தெரியும். தெரிந்த விசயத்தை ஊர் ஏன் கேட்கப் போகிறது.

இப்படி இருக்கையில்தான் பள்ளிக்கூடத்துக்கு 'மலரும் உள்ளம்' திட்டம் வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் மனச்சோர்வு உள்ளவர்களைக் கண்டுபிடிக்கும் வினாக்கொத்து. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு பெட்டி. 'ஒருபோதும் இல்லை' என்பதில் தொடங்கி 'அநேகமாக ஒவ்வொரு நாளும்' என்பதில் முடியும். பிள்ளையே தன்னைப் பற்றிப் புள்ளடி போடவேண்டும். கொழும்பில் ஒரு கணினி கூட்டிப் பார்த்து, பிள்ளை கவலையாக இருக்கிறதா இல்லையா என்று பிள்ளைக்கு அறிவிக்கும்.

திட்ட இணைப்பாளர் கோகுலன் கழுத்தில் அட்டை தொங்க, பெற்றோர் கூட்டத்தில் விளக்கினார்.

"இது உலகத்தரமான கருவி. இதில கதைக்கத் தேவையில்லை. பிள்ளையளோட இருந்து கதைக்கிறதெண்டா நேரம் போகும், பக்கச்சார்பும் வரும். அதால நாங்கள் கதைக்கிறதை முற்றாகத் தவிர்த்திருக்கிறம்."

"கேள்வியெல்லாம் பிள்ளையளுக்கு விளங்குமோ சேர்?" என்று ஒரு தாய் கேட்டாள்.

"விளங்கத் தேவையில்லை அம்மா, புள்ளடி போட்டாக் காணும். கடைசியில ஒரு கேள்வி இருந்தது, சாகிற நினைப்பு வாறதோ எண்டு, கொஞ்சம் பாரதூரமான கேள்வி. அதை நாங்கள் எடுத்திட்டம். அதுக்கு ஆராவது ஓம் எண்டு போட்டா அண்டைக்கே ஏதாவது செய்யவேணும் எண்டு விதி இருக்கு. எங்களுக்கு வாகனம் வெள்ளிக்கிழமை மட்டும்தான்."

அதிபர் ராஜரத்தினம் கைதட்டினார். அதிபர் தட்டினால் மற்றவர்களும் தட்டுவது அங்கே வழக்கம்.

மாதிரிப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோன கமலாசனி அன்று பின்னேரமே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மாரைக் கூப்பிட்டு வகுப்பெடுத்தாள். எல்லாவற்றுக்கும் கடைசிப் பெட்டி. நித்திரை வராது, சாப்பாடு இறங்காது, ஒன்றிலும் விருப்பமில்லை.

"எனக்கு நல்லா நித்திரை வருமே அம்மா" என்றாள் அவளுடைய மகள் சுகந்தினி.

"நித்திரை வாற ஆக்களுக்கு ஆரடி பிள்ளை இதுவரைக்கும் என்ன தந்தவை?"



தாட்சாயினிக்கு வேறு திசையிலிருந்து வகுப்பு நடந்தது. இரவு வட்ஸ்அப்பில் தாய் வந்தாள். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"எல்லாம் நல்லாயிருக்கு எண்டு போடு. ஒரு கேள்விக்கும் மாறிப் போட்டிடாதை. கவலை எண்டு கண்டா வீட்டை வருவினம். வீட்டை வந்தா, அப்பு பரணில, நீ தனிய எண்டு கண்டிடுவினம். கண்டா உன்னைச் சிறுவர் இல்லத்தில கொண்டுபோய் விட்டிடுவினம். பிறகு நான் ஏன் இஞ்சை நிண்டு ஆரோ ஒருத்தரின்ர கோப்பையைக் கழுவுறன்?"

"ஓம் அம்மா."

"நீ சுகமாய்த்தானே இருக்கிறாய்?"

"ஓம் அம்மா."

மறுநாள் வகுப்பில் 'நித்திரை கொள்வதில் இடர்ப்பாடு' என்ற கேள்விக்கு முன்னால் தாட்சாயினியின் பேனை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு முதல் பெட்டிக்குப் போனது. மற்றதுகளுக்கெல்லாம் நிற்கவேயில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. முடிவைக் கேட்ட அதிபர் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். ஒரு பிள்ளை தவிர வகுப்பு முழுவதும் 'மிகக் கடுமையான மனச்சோர்வு'. ஒவ்வொருவரும் முழுப்புள்ளி. அந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்திலும் இப்படியொரு பெறுபேறு வந்ததில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் பாஸ் பண்ணுவதே பெரும்பாடு.

"இது பிழையாய் இருக்குமோ சேர்?" என்று பயந்து கேட்டார் அதிபர். "உந்தப் பிள்ளையள் இப்பவும் வெளியில கூத்தடிச்சுக்கொண்டு நிக்குதுகள்."

"அது வெளித்தோற்றம் சேர். கொழும்பிலயும் முதல்ல சந்தேகப்பட்டவை. எல்லாரும் முழுப்புள்ளி எண்டா கருவி பிழை எண்டு சொல்லலாம். ஆனா ஒரு பிள்ளை பூச்சியம் எடுத்திருக்கு. பூச்சியமும் வருகுதெண்டா கருவி வேலை செய்யுது எண்டுதானே அர்த்தம். அந்தப் பிள்ளைதான் எங்கட திட்டத்தைக் காப்பாத்தினது. ஆர் அது?"

தாட்சாயினியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கண்ணுக்குக் கீழே கறுத்து, கொட்டாவியை அடக்கிக்கொண்டு நின்றாள். கோகுலன் படிவத்தைப் பார்த்தார், சந்தோசப்பட்டார். பிள்ளையைப் பார்க்க நேரமில்லை.

சிகிச்சை உடனே தொடங்கியது. கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் சனிக்கிழமை மேலதிக வகுப்பு நிறுத்தப்பட்டது. பந்து கொடுத்தார்கள், கலர்ப்பென்சில் கொடுத்தார்கள், பத்து மணிக்குப் பணிசும் பால் பக்கற்றும். எல்லாவற்றுக்கும் மேலாக முல்லைத்தீவுக் கடற்கரைக்கு பஸ்ஸில் ஒரு சுற்றுலா, ஐஸ்கிறீமோடு. சுகந்தினி தன்னுடைய நோயை இவ்வளவு நாளும் கவனிக்காமல் விட்டதற்காகத் தாயைக் குறைசொன்னாள். தாட்சாயினிக்கு ஒரு மஞ்சள் ரீசேட் கிடைத்தது. நெஞ்சில் 'நான் மலர்ந்தவள்' என்று இருந்தது. பெரியாட்கள் சைஸ், முழங்காலைத் தொட்டது.

பஸ் வெளிக்கிடுகிற அன்று அவள் கோகுலனுக்குக் கிட்டப் போனாள்.

"சேர், நானும் கடலுக்குப் போகலாமோ?"

"நீங்கள் ஏன் தங்கச்சி? உங்களுக்குத்தான் ஒரு வருத்தமும் இல்லையே."

"கொஞ்சம் கவலை இருக்கு சேர்."

"எவ்வளவு?"

"கொஞ்சம்."

"கொஞ்சத்துக்கு பஸ்ஸில இடமில்லை. அதோட உங்கட பூச்சியத்தை நாங்கள் கொழும்புக்கு அனுப்பியாச்சு. இனி உங்களாலேயே அதைத் திருப்பி எடுக்கேலாது."

பஸ் போனது. ஜன்னல் எல்லாம் கை, பாட்டு, கூக்குரல். மிகக் கடுமையான மனச்சோர்வு சந்தி தாண்டும் வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு தாட்சாயினிக்கு ஓய்வே இல்லை. மஞ்சள் ரீசேட்டைப் போடுவித்துப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேடையில் கதிரை போட்டு, மைக்கைக் கையில் கொடுத்து, மகிழ்ச்சியின் இரகசியத்தைச் சொல்லச் சொன்னார்கள்.

"காலமை எழும்பி முகம் கழுவுவன்" என்றாள்.

"சுயபராமரிப்பு" என்று கோகுலன் பலகையில் எழுதினார்.

"அப்புவுக்குச் சோறு கட்டிக்கொண்டு வயலுக்குப் போவன்."

"தலைமுறைப் பிணைப்பு."

"பிறகு பள்ளிக்கூடம் வருவன்."

"ஒழுங்கு. பாத்தீங்களோ பிள்ளையள், எவ்வளவு சுகம்."

ஒரு பள்ளிக்கூடத்தில் கல்வி வலய அலுவலகத்திலிருந்து வந்த பெரியவர் நீண்ட நேரம் பேசினார். தாட்சாயினிக்கு மேடையிலேயே கண் சொருகிப் போனது. மண்டபம் நிறைய ஆட்கள் இருமிக்கொண்டும் குசுகுசுத்துக்கொண்டும் சுற்றிவர இருக்கிற இடத்தில் அவளுக்கு நித்திரை நன்றாக வந்தது. அந்தப் படம் திட்டத்தின் செய்தி மடலில் முன்பக்கத்தில் வந்தது. கீழே 'ஆழ்ந்த உள்ளமைதி' என்று போட்டிருந்தார்கள். குவைத்தில் தாய் அதைப் பார்த்துவிட்டு, மகள் பெரிய ஆளாகிவிட்டாள் என்று அழுதாளாம்.

இதோடு நின்றிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. ஒருநாள் கோகுலன் அதிபரின் அறைக்குள் வந்து, வீடியோப் படம் எடுக்கப் போகிறோம் என்றார். 'மகிழ்ச்சி பிறந்த வீடு' என்று தலைப்பும் வைத்தாகிவிட்டது. பிள்ளை, பிள்ளையின் தாய், தகப்பன், அவர்களுடைய இல்லம்.

தாட்சாயினி அந்த அறையின் வாசலில்தான் நின்றாள். காதுக்குள் தாயின் குரல்தான் கேட்டது: வீட்டை வந்தா கண்டிடுவினம்.

அதிபருக்கும் தெரியும். பாடசாலைப் பதிவேட்டில் தாய் வெளிநாடு என்று எழுதியது அவருடைய கைதான். ஆனால் மாகாணத்திலேயே ஆகச் சந்தோசமான பிள்ளையின் அதிபர் என்று அவருக்கு அடுத்த மாதம் விருது இருந்தது. தாய் வெளிநாடு என்றால் படமும் இல்லை, விருதும் இல்லை. அவர் சைக்கிளில் நேரே கமலாசனி வீட்டுக்குப் போனார். தாட்சாயினியும் பின்னால் நடந்து போய் வாசல் படலையில் நின்றாள்.

"கமலாசனி, பிள்ளைக்குத் தாய் ஒராளை ஒழுங்குபடுத்த வேணும்."

"எத்தினை நாளைக்கு சேர்?"

"வெள்ளிக்கிழமை மட்டும்."

கமலாசனி தாட்சாயினியைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன பிள்ளை, பயந்து போய் நிக்கிறாய்?"

"இல்லத்துக்குக் கொண்டுபோயிடுவினம் மாமி."

"ஆர் உவங்களோ? உவங்களுக்கு முன்னால நான் எத்தினை ஜீப்பைப் பார்த்தனான். நீ போய் வீட்டைக் கூட்டி வை."

அந்த வெள்ளிக்கிழமை அந்த ஒழுங்கையில் நடந்தது இதற்கு முன் நடந்ததில்லை. முன்னெல்லாம் ஜீப் வருகிறது என்றால் ஒளிப்பதற்காகத்தான் ஏரம்பு வீட்டுக்குச் சாமான் போகும். இந்தமுறை காட்டுவதற்காகப் போனது. ரிவி போனது, பிறிஜ் போனது, குசன் கதிரை தலையில் போனது. எல்லாரும் பழகின பாதை என்றபடியால் ஒருவரும் ஒருவரோடும் முட்டுப்படவில்லை. தையல் மெசினுக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைத்தது, மூலையில் நின்று குடும்பத்தின் சுறுசுறுப்பைக் காட்டும் வேலை. முத்துலிங்கம் இஸ்திரி போட்ட சேட்டோடு தகப்பனாக வந்து இருந்தார்.

"இஞ்சாருங்கோ, ஒரு கேள்விக்கும் நீங்கள் வாய் திறக்காதேங்கோ" என்றாள் கமலாசனி. "நீங்கள் கொஞ்சம் ஒழுகுது எண்டு சொல்லுவியள்."

கோகுலனும் கமராக்காரரும் வந்தார்கள். ஒழுங்கையின் வரலாற்றில் முதல்தடவையாகச் சப்பாத்துப் போட்ட கால் அந்தக் கடைசி வீடுவரைக்கும் வந்தது. வயலிலிருந்து சோற்றுக்கு வந்த ஏரம்பு தன்னுடைய வீட்டில் பிறிஜைக் கண்டுவிட்டு, திரும்பவும் ஆரோ மதிப்பீட்டுக்கு வருகிறார்கள் என்று நினைத்து அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். அவரிடமும் மைக்கை நீட்டினார்கள்.

"அப்பு, உங்கட பேத்தியின்ர மகிழ்ச்சியைப் பற்றிச் சொல்லுங்கோ."

"நேற்று மூண்டு நிண்டது. கொம்பன் ஒண்டு. வெடி போட்டும் அசையேல்லை. வேலிக்குக் கரண்ட் தாறம் எண்டு போன வருசமும் படிவம் எழுதினனாங்கள் தம்பி, நீர் அந்தக் கந்தோரோ?"

"நாங்கள் மனசு, அப்பு. யானை வேற திணைக்களம்."

கடைசியில் முக்கியமான காட்சி. தாய் வினாக்கொத்தை வாசிக்க, மகள் பதில் சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் 'ஒருபோதும் இல்லை'. கமலாசனி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடதாசியைத் தூரத்தில் பிடித்து வாசித்தாள்.

"கடந்த இரு வாரங்களில் நித்திரையை ஆரம்பிப்பதில் அல்லது பேணுவதில் இடர்ப்பாடு..." வாசிப்பு அங்கே சிக்கி நின்றது. கடதாசியை மடியில் வைத்தாள். "உதென்ன கோதாரித் தமிழ். பிள்ளை, உனக்கு இரவில நித்திரை வாறதோ?"

கடதாசிக்கு முகம் இல்லை, அதற்குப் பொய் சொல்வது தாட்சாயினிக்குச் சுலபமாக இருந்தது. கமலாசனிக்கு முகம் இருந்தது. அது பதிலுக்காகப் பார்த்துக்கொண்டும் இருந்தது.

"இல்லை மாமி."

"கட்" என்றார் கோகுலன். "அம்மா எண்டு சொல்லவேணும் தங்கச்சி, மாமி எண்டு சொல்லக்கூடாது. திருப்பி."

"நித்திரை வாறதோ பிள்ளை?"

"இல்லை அம்மா."

"ஏன்?" கடதாசியில் இல்லாத கேள்வி அது.

"வெடிச்சத்தம் கேட்டா அப்புவுக்கு ஏதும் நடந்திட்டுதோ எண்டு நெஞ்சு இடிக்கும். கேக்காட்டியும் இடிக்கும். நாய் குலைச்சாக் கதவுக்கு மேசையை இழுத்து வைச்சிட்டு முழிச்சுக்கொண்டு இருப்பன்."

கொண்டுவந்து வைத்த பிறிஜ் உறுமிக்கொண்டு நின்றது. கோகுலன் கமராக்காரரைப் பார்த்தார்.

"உணர்ச்சி நல்லா வந்திருக்கு. பதில்தான் பிழை. பூச்சியம் எண்டு பதிஞ்சிருக்கு, இனி மாத்தேலாது. அந்த இடத்தில ஒரு பாட்டுப் போட்டு மூடலாம். வாய் அசையிறதைப் பாத்தா தாயும் மகளும் அன்பாய்க் கதைக்கிற மாதிரி இருக்கும்."

அப்படியே செய்தார்கள். புல்லாங்குழல் போட்டார்களாம். தாட்சாயினியின் வீட்டு முகவரிக்கு நேரே, 'தாய்: கமலாசனி, வீட்டில் உள்ளார்' என்று எழுதிக்கொண்டு ஜீப் போனது.

ஜீப் போனதும் ஒழுங்கை வந்து தன்னுடைய சாமான்களை எடுத்துக்கொண்டது. ரிவி போனது, பிறிஜ் போனது. கமலாசனி மட்டும் குசன் கதிரையில் இருந்தபடி எழும்பவில்லை.

"என்னப்பா, வாவன்" என்றார் முத்துலிங்கம்.

"இந்த வீட்டில எத்தினை தரம் எங்கட ரிவியைக் கொண்டுவந்து வைச்சம்?"

"கன தரம்."

"ஒவ்வொருமுறையும் வந்து, ரிவி பத்திரமோ பிள்ளை எண்டுதானப்பா கேட்டனான்."

முத்துலிங்கம் வாய் திறக்கவில்லை. திறக்கவேண்டாம் என்று சொன்னதே அவள்தானே. கமலாசனி எழும்பி உள்ளே போனாள், வந்தாள். அன்று அந்த வீட்டிலிருந்து கடைசியாக வெளியேறிய சாமான் தாட்சாயினியின் தலையணை. அதைக் கமலாசனி கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தாள். பின்னால் தாட்சாயினி புத்தகப் பையோடு. அதன் பிறகு இரவில் சுகந்தினியின் பக்கத்தில்தான் அவளுக்குப் பாய். சுகந்தினி உதைக்கிறாள் என்று அவளும், இவள் போர்வையை இழுக்கிறாள் என்று சுகந்தினியும் முறைப்பாடு.

தாய் வட்ஸ்அப்பில் வந்து, "இப்ப ஆரடி உனக்கு அம்மா?" என்று கேட்டாள்.

"படிவத்தில மாமி" என்றாள் தாட்சாயினி. அங்கே பாத்திரச் சத்தம் கொஞ்சம் நின்றது. பிறகு சிரிப்புக் கேட்டது.

அறுவடைக்கு முன்னம் இரண்டாவது வினாக்கொத்து வந்தது, சிகிச்சை பலித்ததா என்று பார்க்க. இந்தமுறை வகுப்பு முழுக்க மஞ்சள் ரீசேட்டுக்கு ஆசைப்பட்டது. ஜீப்பில் ஊர் சுற்றவும் ஆசைப்பட்டது. எல்லாரும் முதல் பெட்டி. தாட்சாயினி முதல்நாள் இரவு கமலாசனியிடம் கேட்டாள்.

"நான் என்ன போட மாமி?"

கமலாசனி எந்தப் படிவத்துக்கும் இவ்வளவு நேரம் யோசித்ததில்லை.

"உனக்கு எப்பிடியோ அப்பிடிப் போடு. கேட்டு வந்தாங்கள் எண்டா நான் வாசலில நிக்கிறன்."

அப்படியே போட்டாள். நித்திரை: இப்போது வரும். தாயை நினைத்துக் கவலை: சில நாட்களில். கணினி கூட்டிப் பார்த்து, வகுப்பு முழுவதும் பூரண சுகம், ஒரு பிள்ளைக்கு மாத்திரம் பாரிய பின்னடைவு என்றது. கோகுலன் மெத்தக் கவலைப்பட்டார். ரீசேட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஆனால் நிதியாண்டு முடிய முன்னம் செலவழிக்க வேண்டிய கடற்கரைச் சுற்றுலா ஒன்று மிச்சமிருந்தது. நோயாளி இருந்தால் பஸ் வரவேண்டும் என்பது விதி. பெரிய பஸ் ஒன்று, ஒரு பிள்ளைக்காக, ஒழுங்கையின் வாசலில் வந்து நின்றது.

"துணைக்குப் பாதுகாவலர் வரலாம்" என்று கோகுலன் படிவத்தைப் பார்த்துச் சொன்னார். "குடும்ப அங்கத்தவர்களும் வரலாம்."

கமலாசனி திரும்பி ஒழுங்கையைப் பார்த்தாள். குடும்பம் ஏறத் தொடங்கியது. முத்துலிங்கம், சுகந்தினி, ரிவி தந்த வீடு, பிறிஜ் தந்த வீடு, கைக்குழந்தையோடு சந்திக்கடை வீடு. யானை பகலில் வராது என்று கணக்குப் பார்த்துவிட்டு ஏரம்புவும் ஏறி, முன்சீற்றில் இருந்துகொண்டு, கரண்ட் வேலியைப் பற்றிச் சாரதியிடம் விசாரித்தார்.

தாட்சாயினி ஜன்னல் பக்கத்தில் இருந்தாள். பஸ் அசைந்த அசைவில், பாதிவழியில் ஒட்டுசுட்டான் வர முன்னமே ஒழுங்கை முழுவதும் வாயைத் திறந்துகொண்டு நித்திரையாய்ப் போனது. கமலாசனியின் தலை அவளுடைய தோளில் வந்து விழுந்தது. முதல்நாள் இரவு தாட்சாயினி நன்றாக நித்திரை கொண்டிருந்தாள். அந்த பஸ்ஸில் சாரதியையும் அவளையும் தவிர ஒருவரும் முழித்திருக்கவில்லை. கடல் தெரிகிறவரைக்கும் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு போனாள்.